மேலகரத்தில் ஒரு கடல் சாமந்தி

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பஸ் மேலகரத்தில் நிற்கும்போது, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் தெருமுனை வீடு ஒன்றைக் காட்டி, "அதுதான் கடலு வீடு" என்று சொல்லிக்கொள்வார்கள். மேலகரத்துக்கும் கடலுக்கும் ஒரு ஒட்டும் உறவும் கிடையாது. மேற்கே பார்த்தால் மலை, கிழக்கே பார்த்தால் வயல். கடலைப் பார்க்க வேண்டுமானால் ரயிலேறித் திருநெல்வேலி போய், அங்கே வண்டி மாறித் திருச்செந்தூர் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், ஆவுடையப்பன் வீட்டு முன்னறையில் ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதற்குள் இருந்தது அசல் கடல் தண்ணீர். பவளக் கல், கடல் மணல், சங்குப்பூச்சி, ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள், எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கடல் சாமந்தி.

பெயர்தான் சாமந்தி. அது பூ இல்லை, உயிருள்ள பிராணி. கல்லில் காலை ஊன்றிக்கொண்டு நூறு விரல்களை விரித்து ஆட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மீன்களும் அந்த விரல்களுக்குள் புகுந்து தூங்கும். பார்க்க வந்த பெண்களெல்லாம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி சூடம் கொளுத்தலாமா என்று கேட்டாள். நல்லவேளை, வேண்டாம் என்று வடிவாம்பாள் தடுத்துவிட்டாள்.

வடிவாம்பாள் ஆவுடையப்பனின் மனைவி. ஆவுடையப்பன் தென்காசி ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. ஊரார் மூட்டையையெல்லாம் எடை போட்டு அனுப்பிக்கொண்டே தலை நரைக்கிற உத்தியோகம் அது. இவர்களுக்கு ஒரே மகன் குற்றாலிங்கம். வீட்டில் லிங்கம் என்பார்கள். அவன் தூத்துக்குடியில் மீன்வளம் படித்தான். லீவுக்கு வரும்போதெல்லாம் மற்றப் பிள்ளைகள் மக்ரூன் வாங்கி வர, இவன் ஈரக் கோணியில் கல்லைச் சுற்றிக்கொண்டு வந்தான். தொட்டியைக் கட்டியது அவன். காற்று மோட்டார் பொருத்தியது அவன். திருச்செந்தூர் ஸ்டேஷனில் இருந்த அப்பாவின் சிநேகிதர் பிச்சையாவைப் பிடித்து, வாரத்துக்கு இரண்டு வெள்ளைக் கேன் கடல் தண்ணீர் ரயிலின் கார்டு பெட்டியில் வந்து இறங்க ஏற்பாடு செய்ததும் அவன்தான்.

அம்மாவுக்கு ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக் கொடுத்திருந்தான். தொட்டியில் தண்ணீர் வற்றும்போது தண்ணீர்தான் ஆவியாகப் போகிறது, உப்பு அங்கேயே கிடக்கிறது. அதனால் அன்றாடம் குறைகிற அளவுக்குக் கடல் தண்ணீரை ஊற்றக் கூடாது, ஊற்றினால் கைத்துப் போகும், நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். வடிவாம்பாள் பிளாஸ்டிக் வாளியில் பைப் தண்ணீரைப் பிடித்து வைத்து, மறுநாள் ஊற்றுவாள். சாமந்தியும் சௌக்கியமாக இருந்தது.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசி மழையில் லிங்கமும் இன்னும் இரண்டு பையன்களும் தீவுக்குக் கல் எடுக்க ஒரு வள்ளத்தில் போனார்கள். காற்று திரும்பிவிட்டது. வள்ளம் உடைந்து கரை ஒதுங்கியது. மற்ற இரண்டு பிள்ளைகளும் மறுநாளே கரைக்கு வந்துவிட்டார்கள், உயிரில்லாமல். லிங்கம் மட்டும் வரவில்லை.

ஆவுடையப்பன் தூத்துக்குடிக் கரையில் வாரக்கணக்காக நின்றார். கடைசியில் வலைக்காரப் பெரியவர் ஒருவர் அவரைத் தனியே கூட்டிப் போய், வாடைக்காற்றில் இழுத்துக்கொண்டு போனதைக் கடல் திருப்பித் தருவதில்லை, வீட்டைப் பார்க்கப் போங்க என்று சொன்னார். ஆவுடையப்பனுக்கு அது அந்த உடைந்த வள்ளத்தைப் பார்த்த அன்றைக்கே தெரியும். ஆனாலும் வீட்டு வாசலில் கால் வைத்தபோது, வடிவாம்பாள் நின்ற நிலையைப் பார்த்தவுடன் அவர் வாயிலிருந்து வந்தது, "தேடுதாங்க" என்பதுதான். அந்த ஒரு சொல்லை அதற்குப் பிறகு அவரால் திருப்பி எடுக்க முடியவில்லை.

கார்த்திகை கழிந்ததும் வடிவாம்பாளின் அண்ணன் நல்லகண்ணு வந்தார். செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருந்தால் பிள்ளைக்குத்தான் ஆகாது என்று பக்குவமாக ஆரம்பித்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் விடாமல் சொல்லவும், எழுந்து போய்த் தொட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"போகும்போது, எம்மா சாமந்தியப் பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். இந்தப் பூ விரிஞ்சிருக்க மட்டும் எம் பிள்ளை எங்கனயோ இருக்கான். இது என்னைக்குச் சாவுதோ, அன்னைக்கு எள்ளும் தண்ணியும் விடுங்க. அதுக்கு முந்தி இந்த வாசல்ல வந்து அந்தப் பேச்சு பேசாதிய."

நல்லகண்ணு மச்சானைப் பார்த்தார். மச்சான் தரையைப் பார்த்தார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

மார்கழி முதல் தேதி அவள் ஒரு நேர்த்தி ஆரம்பித்தாள். மகன் குற்றாலநாதர் பெயர் கொண்டவன். அவனுடைய பூவுக்குப் பைப் தண்ணீரா? அதிகாலை முதல் பஸ்ஸில் குற்றாலம் போய், அருவியில் குளித்து, அருவித் தண்ணீரையே குடத்தில் பிடித்து, ஈரத் தலையோடு திரும்பி வருவாள். மூலிகையெல்லாம் தொட்டு இறங்குகிற தண்ணீர், அதற்கு மிஞ்சி என்ன இருக்கிறது? குடமும் சாதாரணக் குடமில்லை. அவள் கல்யாணச் சீரில் வந்த செப்புக் குடம். தீர்த்தம் எடுக்கச் செம்புதான் உயர்த்தி என்பது அந்தப் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தினமும் புளியும் சாம்பலும் போட்டு அவள் தேய்க்கிற தேய்ப்பில் குடம் பொன்னாக மின்னும். கொண்டு வந்த தண்ணீரை மணல் அடங்குவதற்காக மறுநாள் வரை குடத்திலேயே தெளியவிட்டு, கும்பிட்டு, சொம்பு சொம்பாகத் தொட்டியில் ஊற்றுவாள். பஸ்ஸில் கண்டக்டர் அவளுக்கென்று ஒரு இடம் போட்டு வைத்தார். குடத்தை மடியில் வைத்துக்கொண்டு போகிற அந்த அம்மாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மாசியில் சங்குப்பூச்சிகள் செத்தன. முதலில் ஒன்று, பிறகு எல்லாம். அடுத்து, கல்லின் பொந்திலிருந்து விசிறி விரிக்கிற புழுக்கள் விரிக்காமலே போயின. பவளம் வெளுத்தது. பங்குனியில் சாமந்தியின் விரல்கள் குட்டையாகத் தொடங்கின. மீன்கள் இரண்டும் ஒரு குறையும் இல்லாமல் துள்ளிக்கொண்டிருந்தன. வடிவாம்பாள் தன் பங்குக்கு இன்னும் ஒரு சொம்பு சேர்த்து ஊற்றினாள், வெள்ளிக்கிழமை விரதமும் பிடித்தாள். ஆவுடையப்பனோ பயந்து போனார். பிள்ளை போனதை மூடி வைத்தாயிற்று, இதை எதைப் போட்டு மூடுவது என்ற பயம்.

அப்படித்தான் அவர் ஞானதுரையிடம் போய்ச் சேர்ந்தார். ஞானதுரை தென்காசியில் ஒரு ரைஸ்மில்லின் பக்கத்து அறையில் தண்ணீர் சோதிக்கிற லேப் வைத்திருந்தவர். மில்களின் பாய்லர் தண்ணீர், சோடாக் கம்பெனித் தண்ணீர், புதுக்கிணற்றுத் தண்ணீர் இவைதான் அவர் பிழைப்பு. கடல் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டு வந்து நீட்டிய முதல் ஆள் ஆவுடையப்பன்தான். உப்பு இருக்கா இல்லையான்னு பாக்க லேப் எதுக்கு அண்ணாச்சி, நாக்குல வச்சுப் பாருங்க என்று சிரித்தார். ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. மொத்தக் கதையையும் சொன்னார். வீட்டில் சொல்ல முடியாததையும், வலைக்காரப் பெரியவர் சொன்னதையும் சேர்த்தே சொன்னார். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஞானதுரை அந்தப் பாட்டிலை வைத்துச் சிரித்ததே இல்லை.

வாராவாரம் பாட்டில் போனது. உப்பு சரி, சுண்ணாம்பு சரி, காரம் சரி, மீன் கழிவினால் வருகிற நஞ்சு துளியும் இல்லை. மனுஷன் தேடிப் பிடித்து ஒரு பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு, கடலில் என்னென்ன எவ்வளவு இருக்க வேண்டுமோ அத்தனையையும் சரிபார்த்தார். எல்லாம் இருந்தது. ஆவுடையப்பன் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "நல்லாருக்காம்" என்பார். வடிவாம்பாள் சாமந்தியைப் பார்த்துத் தலையாட்டுவாள். நல்லாருக்கிற தண்ணீரில் அது வாரத்துக்கு வாரம் சிறுத்தது. தாம்பாளம் அகலத்துக்கு விரிந்து கிடந்தது, வைகாசியில் உள்ளங்கைக்குள் அடங்கியது.

கோடையில் அருவி நூலாக விழுந்தபோதும் அவள் விடவில்லை. பாறையில் வழிகிற தண்ணீருக்குக் குடத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு காத்து நின்று நிரப்பி வந்தாள். உடம்பு பாதியாகிவிட்டது. சோற்றைப் பிசைவாள், தொட்டியைப் பார்ப்பாள், அப்படியே கையைக் கழுவிவிடுவாள். ஒரு நாள் மத்தியானம் ஆவுடையப்பன் சாப்பிட வந்தபோது, கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "ராசா, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ, அம்மா ஊத்துதேன்லா" என்று பேசிக்கொண்டிருந்தாள். அவர் சாப்பிடாமலே ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

ஆடி பிறந்தது. சாரல் பிடித்து அருவிகள் இரைந்தன. ஆடி அமாவாசைக்கு முன்னோருக்குத் தண்ணீர் விடக் குற்றாலத்தில் கூட்டம் நெரியும். இந்த அமாவாசைக்காவது செய்துவிடலாம் என்று நல்லகண்ணு ஸ்டேஷனுக்கே வந்து மச்சானிடம் சொன்னார். தங்கச்சியிடம் பேச அவருக்குத் தைரியமில்லை. ஆவுடையப்பன் நேரே லேபுக்கு நடந்தார்.

அன்றைக்கு அவர் ஞானதுரையின் கையைப் பிடித்துக்கொண்டார். வயசுக்கும் உத்தியோகத்துக்கும் பொருந்தாத அழுகை அழுதார். பூ செத்தால் அவள் அன்றைக்கே முடிந்துவிடுவாள், எனக்கு மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான், ஏதாவது செய்யுங்கள் என்று கெஞ்சினார். ஞானதுரை சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு, தொட்டித் தண்ணீரை இனிச் சோதித்துப் பிரயோசனமில்லை, தொட்டிக்குள் போகிற சாமானையெல்லாம் ஒன்று விடாமல் கொண்டு வாருங்கள் என்றார். மணல், தீனி, பிச்சையா அனுப்புகிற கேன் தண்ணீர் என்று விரலை மடக்கியவர், அருவித் தண்ணீர் என்றதும் விரலை மடக்கலாமா வேண்டாமா என்று யோசித்தார். குற்றாலத் தண்ணீரை யாராவது சோதிப்பார்களா? இருந்தாலும், "அதையும் விட்டு வைப்பானேன், கொண்டாங்க" என்றார்.

பாட்டிலை நிரப்பிக் கொடுத்தது வடிவாம்பாள்தான். ராத்திரி தெளியவிட்டிருந்த குடத்திலிருந்து சிந்தாமல் ஊற்றி, மூடியை இறுக்கி, துடைத்துக் கொடுத்தாள். லேப் வைத்திருப்பவர் டாக்டர் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். சோதித்தது போக மிச்சத்தை அந்த டாக்டரை ஒரு வாய் குடிக்கச் சொல்லுங்க, அவருக்கும் நல்லது என்று சொல்லி அனுப்பினாள்.

தண்ணீரில் சுண்ணாம்பு எவ்வளவு என்று பார்ப்பது ஞானதுரைக்குப் பல் தேய்க்கிற மாதிரி பழகிய வேலை. ஒரு பொடியைப் போட்டால் தண்ணீர் திராட்சைச் சாறு போலச் சிவக்கும். மேலேயுள்ள கண்ணாடிக் குழாயிலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு வந்தால், ஒரு கட்டத்தில் சிவப்பு மாறி நீலமாகிவிடும். எவ்வளவு மருந்து போனதோ, அதுதான் கணக்கு. மலையிலிருந்து இறங்குகிற தண்ணீரில் சுண்ணாம்பு ஏது? நாலு சொட்டில் நீலமாக வேண்டியது. ஆகவில்லை. பத்துச் சொட்டு விட்டார், இருபது விட்டார். சிவப்பு சிவப்பாகவே நின்றது. ஜாடியைக் கழுவிவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் அதே அடம்.

ஞானதுரை குழாயை மூடிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். இது எதில் பிடித்த தண்ணீர் என்று கேட்டார். பாட்டிலில்தான் என்றார் ஆவுடையப்பன். பாட்டிலுக்கு முந்தி? குடத்தில். என்ன குடம்? செப்புக் குடம். எப்படி விளக்குவாங்க? புளி போட்டுத்தான், தங்கமா வச்சிருப்பா என்று சொல்லும்போது ஆவுடையப்பன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமையை நினைத்து அவர் பிற்பாடு ரொம்ப நாள் தன்னையே நொந்துகொண்டார்.

ஞானதுரை அலமாரியின் அடியிலிருந்து வேறொரு மருந்தைத் தேடி எடுத்தார். குடத்துத் தண்ணீரில் விட்டார். தேயிலைச் சாயம் மாதிரி பழுத்து நின்றது. தொட்டித் தண்ணீரில் விட்டார். அதிலும் லேசாக மஞ்சள் தட்டியது. பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அண்ணாச்சி, செம்பு. சுண்ணாம்பு இல்லாத தண்ணி செம்ப அரிச்சிரும். அதுலயும் புளி போட்டுத் தேச்ச குடம், ராத்திரி பூரா நின்ன தண்ணி. மயில்துத்தத்தப் போட்டா வாய்க்கால் நத்தையெல்லாம் சாவுதுல்லா, அதே செம்புதான் இது. மீனு தாங்கிக்கிடும். சங்கு, பூச்சி, சாமந்தி, இதுகளால முடியாது. அவங்க ஊத்த ஊத்தச் சேந்துக்கிட்டே வந்திருக்கு."

இத்தனை மாசமும் ஏன் தெரியவில்லை என்று ஆவுடையப்பன் கேட்டார். கடல் தண்ணீரை அப்படியே சோதிக்க முடியாது, பல பங்கு நல்ல தண்ணீர் விட்டு இளக்கித்தான் சோதிக்க வேண்டும், அந்த இளக்கலில் செம்பு இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது என்றார் ஞானதுரை. அருவித் தண்ணீரைத் தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். ஊர்க்காரப் புத்தி, அந்தத் தண்ணீர் மேல் சந்தேகமே வரவில்லை. சாமந்தி பிழைக்குமா என்று கேட்டதற்கு, தொட்டித் தண்ணீர் முழுவதையும் மாற்றிப் பாருங்கள் என்றார். பிழைக்கும் என்று சொல்லவில்லை.

மேலகரத்துக்கு பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஆவுடையப்பன் ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தார். சொல்லாவிட்டால் அவள் நாளைக்கும் ஊற்றுவாள், பூ செத்துப்போகும். சொன்னால், பூவைக் கொன்றது தான் என்று நினைப்பாள். பூவை மட்டுமா? பூவும் பிள்ளையும் அவளுக்கு ஒன்றுதானே. விரதமிருந்து, பனியில் நடுங்கி, தன் பிள்ளையைத் தானே கொன்றேன் என்று ஒரு தாய் நினைத்துவிட்டால் அவளை எந்தச் சாமி வந்து தேற்றும்?

அவர் உள்ளே நுழைந்தபோது வடிவாம்பாள் முற்றத்தில் குத்துக்காலிட்டுக் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புளிச் சக்கை அவள் முழங்கை வரை வழிந்தது. குடம் வெயிலில் ஜொலித்தது. என்ன சொன்னாரு என்று கேட்டாள். நல்லாருக்காம் என்றார். அதோடு, வழியில் ஒரு டாக்டரைப் பார்த்ததாகவும், தனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறதாம், செப்புக் குடத்துத் தண்ணீர்தான் குடிக்க வேண்டுமாம் என்றும் சொன்னார். ஆகவே குடம் இனி அவருக்கு. தொட்டிக்கு அருவித் தண்ணீரைப் புதுப் பிளாஸ்டிக் கேனில் கொண்டு வரட்டும். வடிவாம்பாள் தேய்ப்பதை நிறுத்தி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சரி என்றாள்.

செப்புத் தண்ணீர் வாடை ஆவுடையப்பனுக்கு ஆகவே ஆகாது. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் அதைக் குடிக்க முடியாமல் அவர் பட்ட பாட்டை அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த மனுஷன் இப்போது காலையும் மாலையும் டம்ளர் டம்ளராகக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். பிச்சையாவுக்குச் சொல்லி விட்டு, வண்டிக்கு வண்டி கடல் தண்ணீர் வரவழைத்தார். ஸ்டேஷன் மாஸ்டர் என்ன ஏது என்று கேட்டபோது வாய்க்கு வந்ததைச் சொன்னார். பழைய தண்ணீரை இறைத்துக் கொட்டி, மணலை அலசி, கல்லைக் கழுவி, நாலு நாளில் அந்த அறையையே கடற்கரையாக்கிவிட்டார். தண்ணீர் பளிங்காகத் தெளிந்தது. சாமந்தி மட்டும் விரல்களை உள்ளே இழுத்து மூடிக்கொண்டு, அவித்த உருண்டை போலக் கல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது. கோமாளி மீன்கள் அதை முட்டி முட்டிப் பார்த்தன.

அமாவாசைக்கு முந்தின நாள் காலையில், வடிவாம்பாள் முதல் பஸ்ஸுக்குப் போகவில்லை என்பது தெரிந்து ஆவுடையப்பன் எழுந்து வந்தார். அவள் தொட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். சாமந்தி கல்லை விட்டுவிட்டது. அதை வெளியே எடுத்து முந்தானையில் வைத்திருந்தாள். வாடை அடித்தது. அழவில்லை.

"அன்னைக்கு லேபுல இருந்து வந்திய. என் மூஞ்சிய நீங்க பாக்கல, குடத்தத்தான் பாத்திய" என்றாள். "செம்புதானே?"

டாக்டர் சொன்னது என்று அவர் ஆரம்பித்தார்.

"எந்த டாக்டரும் உங்களுக்கு ஒண்ணும் சொல்லல. செப்புத் தண்ணிக்கு மூக்கப் பொத்துத ஆளு, மடக்கு மடக்குன்னு குடிக்கிய. எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் கேக்கல. கேட்டா சொல்லிருவியளோன்னு பயந்து கேக்கல." முந்தானையை மடித்து அதை மூடினாள். "நாந்தான் கொன்னேன். என் கையாலயே ஊத்தி ஊத்தி எம் பிள்ளையக் கொன்னுட்டேன்."

ஆவுடையப்பனிடம் இன்னொரு பொய் இருந்திருந்தால் சொல்லியிருப்பார். லேப் தப்பாகச் சொல்லிவிட்டது என்று சொல்லலாம், கடல் தண்ணீரில் கோளாறு என்று சொல்லலாம். ஆனால் அவள் பூவைப் பற்றிப் பேசவில்லை. பிள்ளையைப் பற்றிப் பேசினாள். அந்தப் பழியை அவள் தலையிலிருந்து இறக்க அவரிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. ஐப்பசியிலிருந்து அவர் தொண்டையிலேயே வைத்திருந்த வாக்கியம். அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"வடிவு, நீ குடத்த எடுக்கதுக்கு முந்தியே அவன் போயிட்டான்."

அந்த வீட்டில் அதுவரை யாரும் அதைச் சொன்னதில்லை.   எப்போதிருந்து தெரியும் என்று வடிவாம்பாள் கேட்டாள். வள்ளத்தைப் பார்த்த அன்றைக்கே என்றார். அப்படியானால் இத்தனை மாசமும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு எதற்காக அலைந்தீர்கள் என்று கேட்டாள்.

உனக்காகத்தான் என்று சொல்லத்தான் அவர் வாயெடுத்தார். அது முழு உண்மையாக இல்லை. "அது விரிஞ்சிருந்தா எனக்கும் நல்லாருந்துது" என்றார். சொல்லும்போதே உடைந்துவிட்டார். வடிவாம்பாள் ஈர முந்தானையோடு நகர்ந்து வந்து அவர் தலையைப் பிடித்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கும் அழுகை வந்தது. தெருவே வந்து நிற்கிற அளவுக்கு அழுதாள். ஒன்பது மாசமாக அழாத அழுகை அது. எதிர்வீட்டு அலிமா ஓடி வந்து, விஷயம் தெரிந்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாமந்தியைத் தோட்டத்துச் செம்பருத்திக்கு அடியில் புதைத்தார்கள். மத்தியானம் வடிவாம்பாள், அண்ணனுக்கு ஆள் அனுப்புங்க, எள்ளு வாங்கணும் என்றாள்.

மறுநாள் குற்றாலத்தில் கால் வைக்க இடமில்லை. சாரல் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஆவுடையப்பன் மொட்டையடித்து, ஈர வேட்டியோடு உட்கார்ந்து, அப்பனுக்கும் பாட்டனுக்கும் விட்ட அதே கையால் மகனுக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டார். முறைப்படி மகன் அவருக்கு விட வேண்டியது. தண்ணீர் எடுக்க ஐயர் செப்புப் பாத்திரம் கேட்டபோது நல்லகண்ணுவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. வடிவாம்பாள் தள்ளி நின்றிருந்தவள், குடத்தை நீட்டினாள். லேபிலிருந்து அவர் திரும்பி வந்த நாளுக்குப் பிறகு அவள் அதைத் தேய்க்கவே இல்லை போலிருக்கிறது. குடம் கறுத்து, கழுத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. காலையும் மாலையும் அதிலிருந்து குடித்தும் ஆவுடையப்பன் அதைக் கவனித்திருக்கவில்லை.

எல்லாம் முடிந்து பஸ்ஸுக்கு நடக்கும்போது அவள், பிச்சையா அண்ணனுக்குச் சொல்லி விட்டீங்களா என்று கேட்டாள். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை.

"அந்த ரெண்டு மீனும் இருக்குல்லா. அதுகளுக்குத் தண்ணி வேண்டாமா?"

சொல்லி விடுகிறேன் என்றார். பஸ்ஸில் கண்டக்டர் வழக்கமான இடத்தைக் காலி செய்து கொடுத்தார். வடிவாம்பாள் குடத்தைக் காலியாகவே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.